உங்க துட்டு உங்க பேர்ல நடக்கணும்: போன்ல பேங்க் வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

தண்டையார்பேட்டைல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் பாதி நேரம் நடக்குறது பேங்க் வேலைதான், ஓடிபி வரல, பின் மறந்துபோச்சு, லோன் அப்ளை பண்ணனும், அக்கவுண்டுல துட்டு புடிச்சிட்டாங்கன்னு காலைல ஷட்டர் தூக்குனதுல இருந்து யாராச்சும் வந்துட்டே இருப்பாங்க. போன செப்டம்பர்ல கல்மண்டபம் பக்கம் மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. இருபது வருஷ யாவாரம், குடைக்கம்புல க்யூஆர் அட்டை கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, ஒரு நாளைக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் அதுலயே வருது. பேங்குல லோன் கேட்டிருக்காங்க, ஆறு மாச ஸ்டேட்மெண்ட் பாத்துட்டு "உங்களுக்கு வருமானமே இல்லையேம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

பாஸ்புக்கை வாங்கிப் பாத்தேன். மாசா மாசம் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா, ஒரு தடவ மீன்பிடித் தடைக்கால நிவாரணம், கேஸ் மானியம் கொஞ்சம், அவ்ளோதான். மீன் வித்த காசு ஒரு ரூபா கூட இல்ல. அக்கா கிட்ட "அந்த க்யூஆர் யார் பேர்ல இருக்கு"ன்னு கேட்டேன். "எங்க அக்கா பையன் பேர்ல கண்ணு, அவன்தான் போன் வச்சிக்கினு கீறான், ராத்திரி ஆனா கரெக்டா எண்ணிக் குடுத்துடுவான்"னாங்க. அந்தப் பையன் நல்லவன், ஒரு ரூபா எடுக்கல. ஆனா பேங்க் கண்ணுக்கு மீன் யாவாரம் பண்றது அவன், அக்கா இல்ல. இருபது வருஷம் காலைல ரெண்டு மணிக்கு எழுந்து காசிமேட்டுல ஏலம் எடுத்து வித்ததுக்கு அவங்க பேர்ல ஒரு வரி கூட இல்ல.

அன்னிக்கி ராத்திரியே இத எழுதணும்னு தோணுச்சு. ஜிபே எப்படிப் போடறதுன்னு சொல்லித்தர நெறைய வீடியோ இருக்கு, எதுக்காகப் போடணும், யார் பேர்ல போடணும்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல என்ன மாறிச்சுன்னு ரெண்டு வரி

முன்னாடியெல்லாம் பேங்குல கடன் கேட்டா சம்பளச் சீட்டு எங்க, வீட்டுப் பத்திரம் எங்க, ஜாமீன் யாருன்னு கேப்பாங்க. நம்ம ஏரியாவுல பாதிப் பேருக்கு இது மூணுமே கெடயாது, அதனால சேட்டு கடையும் தினம் வசூல் பண்ற தண்டலும்தான் வழி. 2014 ஆகஸ்ட்ல ஜன்தன் வந்து காசே இல்லாம அக்கவுண்ட் தொறக்கலாம்னு ஆச்சு, 2016 ஏப்ரல்ல போன்ல இருந்தே ஒரு அக்கவுண்டுல இருந்து இன்னொண்ணுக்கு துட்டு அனுப்புற யுபிஐய 21 பேங்கோட ஆரம்பிச்சாங்க, 2025 ஆகஸ்ட்ல ஒரே மாசத்துல 2,000 கோடி தடவ துட்டு கை மாறிருக்கு. இதுல நமக்கு முக்கியமானது என்னன்னா முன்னாடி கல்லாவுல விழுந்து கல்லாவுலயே கரைஞ்சு போன காசு இப்போ தேதியோட, நேரத்தோட, தொகையோட பதிவாகுது. அந்தப் பதிவுதான் சம்பளச் சீட்டு இல்லாதவங்களுக்குச் சம்பளச் சீட்டு. அது அடுத்தவங்க பேர்ல பதிவாச்சுன்னா அந்தச் சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும்.

ஸ்டெப் 1: அக்கவுண்ட், சிம், ஆதார் மூணும் ஒரே கோட்டுல வரணும்

உங்க பேர்ல சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பக்கத்து பேங்குல போய் "ஜன்தன் அக்கவுண்ட்"னு வாய் விட்டுக் கேளுங்க, சும்மா "அக்கவுண்ட்"னு கேட்டா மினிமம் பேலன்ஸ் வைக்கிற அக்கவுண்டப் போட்டுக் குடுத்துட வாய்ப்பிருக்கு, அப்புறம் பேலன்ஸ் கொறஞ்சதுக்குன்னு சில பேங்குல மாசா மாசம் காசு புடிப்பாங்க. உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வந்தப்போ நெறைய பேருக்கு அப்படிப் போச்சு, கடைல நின்னு அழுதவங்களப் பாத்திருக்கேன். ஏற்கனவே இருக்குற அக்கவுண்ட அடிப்படைச் சேமிப்புக் கணக்கா மாத்திக் குடுங்கன்னும் எழுதிக் குடுக்கலாம். ஜன்தன்ல ரூபே கார்டு ஃப்ரீயாத் தருவாங்க, அதோட 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கு (2018 ஆகஸ்ட் 28-க்கு முன்னாடி தொறந்த அக்கவுண்டா இருந்தா 1 லட்சம்), ஆனா விபத்துக்கு முந்தின 90 நாளுக்குள்ள அந்தக் கார்டை ஒரு தடவயாவது யூஸ் பண்ணிருந்தாதான் அது செல்லும், அதனால பீரோல பூட்டி வைக்காதீங்க, மாசத்துக்கு ஒரு தடவ ஏடிஎம்ல போட்டு நூறு ரூபாயாச்சும் எடுங்க. நாமினி பேரும் அன்னிக்கே எழுதிடுங்க.

அடுத்தது சிம். சிம் உங்க பேர்ல இருக்கணும், அதே நம்பர்தான் பேங்குலயும் இருக்கணும், ஆதார்லயும் இருக்கணும். இதுலதான் என் கடைக்கு வர்றவங்க முக்காவாசிப் பேருக்குச் சிக்கல், பேங்குல பையன் நம்பர், ஆதார்ல பழைய தொலைஞ்சு போன நம்பர், கையில வேற நம்பர். ஆதார்ல இருக்குற போன் நம்பர மாத்த ஆதார் சென்டருக்குப் போய் கைரேகை வச்சு மாத்திக்கலாம். பேங்குல மாத்த பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துட்டு ப்ராஞ்சுக்குப் போய் ஒரு ஃபார்ம் எழுதிக் குடுக்கணும். ரெண்டு நாள் வேலை கெடும், கெட்டாலும் பரவாயில்ல, இந்த ஒண்ண முடிச்சிட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. இன்னொண்ணு, ஒரு சிம்மை ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டா சில மாசம் கழிச்சு அந்த நம்பர வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க, உங்க ஓடிபி எல்லாம் அவங்க போனுக்குப் போகும். நம்பர விடறதுக்கு முன்னாடி பேங்குல மாத்திடுங்க.

ஸ்டெப் 2: ஆப், பின், பழக்கம்

எந்த ஆப்னு கேட்டு நேரம் வேஸ்ட் பண்ணாதீங்க, கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் எதுவா இருந்தாலும் பின்னாடி ஓடுறது ஒரே யுபிஐதான். ப்ளே ஸ்டோர்ல இருந்து மட்டும் இறக்குங்க, வாட்ஸப்ல வர்ற லிங்க்குல இருந்து வேணவே வேணாம். பேங்க் நம்பர் இருக்குற சிம் அந்தப் போன்லயே இருக்கணும், ஆப் அதுல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா அனுப்பும், அதுக்கு சிம்ல எஸ்எம்எஸ் போகுற அளவுக்கு பேக் இருக்கணும், இது தெரியாம "ஆப் வேல செய்யல"ன்னு வர்றவங்க நெறைய. பின் போட ஏடிஎம் கார்டோட கடைசி ஆறு நம்பர் கேக்கும், கார்டு இல்லன்னா நெறைய பேங்குல ஆதார் ஓடிபி வச்சே போடலாம். பொறந்த வருஷம், 1234, வண்டி நம்பர் இதெல்லாம் பின்னா வைக்காதீங்க. புதுசா சேர்ந்த மொத 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாக்கு மேல போகாது, அது பாதுகாப்புக்காக வச்சது, பயப்படாதீங்க. அப்புறம் ஒரு நாளைக்கு 1 லட்சம் வரைக்கும்.

வீட்டுல ஒருத்தருக்கு ஒரு ரூபா அனுப்பிப் பழகுங்க. பத்து தடவ அனுப்பிப் பாருங்க. எங்க ஆயா ஒருத்தங்க பேத்திக்கு தினம் ஒரு ரூபா அனுப்பியே பழகிட்டாங்க, இப்போ கரெண்ட் பில்லு வரைக்கும் அவங்களே கட்டுறாங்க.

ஒரே ஒரு விஷயத்த மனசுல ஆணி அடிச்சி வச்சிக்கோங்க, துட்டு வாங்குறதுக்கு பின் தேவையே இல்ல. க்யூஆர் ஸ்கேன் பண்ணவும் வேணாம், எதையும் அமுக்கவும் வேணாம், தானா வந்து விழும். எவனாச்சும் "உங்களுக்கு துட்டு அனுப்புறேன், பின் போடுங்க"ன்னு சொன்னா அது உங்க துட்டு வெளிய போகப் போகுதுன்னு அர்த்தம். பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்புற வசதிய தனி ஆள்ங்களுக்கு 2025 அக்டோபர்ல இருந்து நிறுத்தியே விட்டாங்க, அவ்ளோ ஏமாத்து நடந்திருக்கு அதுல. நீங்க அனுப்புறப்போ பேங்குல இருக்குற உண்மையான பேர் ஸ்க்ரீன்ல வரும், அதப் படிச்சிட்டு அப்புறம் பின் போடுங்க.

பட்டன் போன் வச்சிருக்கவங்க ஒதுங்கிப் போக வேணாம். *99# அடிச்சா மெனு வரும். 2022 மார்ச்ல இருந்து யுபிஐ 123பேன்னு ஒண்ணு இருக்கு, ஒரு நம்பருக்குப் போன் பண்ணி குரல் சொல்ற மாதிரி அமுக்கினாலே துட்டு அனுப்பலாம், நெட் வேணாம்.

அப்புறம் கைரேகை வச்சு காசு எடுக்குறது, பேங்க் மித்ரா (பேங்கோட ஏஜென்ட்) கிட்ட மிஷின்ல விரல் வச்சா உங்க அக்கவுண்டுல இருந்து காசு தருவாங்க. வயசானவங்களுக்கு ரொம்ப உபயோகம், ஆனா "ரேகை சரியா விழல, மறுபடி வைங்க"ன்னா, மொத தடவ போச்சா இல்லையான்னு போனுக்கு வந்த மெசேஜ் பாத்துட்டு அப்புறம் வைங்க, ஒவ்வொரு தடவயும் சீட்டு கேட்டு வாங்குங்க. அந்த வசதியே உங்களுக்கு வேணாம்னா ஆதார் ஆப்ல கைரேகைய லாக் பண்ணிடலாம்.

ஸ்டெப் 3: க்யூஆர் அட்டை, இங்கதான் எல்லாரும் கோட்டை விடறோம்

தள்ளுவண்டி, மீன் கூடை, பூக்கடை, இட்லிக்கடை, டைலர், ஆட்டோ எதுவா இருந்தாலும் க்யூஆர் உங்க பேர்ல, உங்க அக்கவுண்டோட சேர்ந்து இருக்கணும். பையன் பேர்ல வேணாம், புருஷன் பேர்ல வேணாம், பக்கத்துக் கடைக்காரர் க்யூஆர வச்சு சாயங்காலம் கணக்குப் பாக்குறது வேணவே வேணாம். மார்க்கெட்டுல ஒரு ரவுண்டு வந்து பாத்தா கூடைக்குப் பின்னாடி உக்காந்திருக்கறது பொம்பளையா இருக்கும், ஸ்கேன் பண்ணா வர்ற பேரு ஆம்பளையா இருக்கும். உழைப்பு ஒருத்தருது, பதிவு இன்னொருத்தருதுன்னு ஆயிடுச்சு.

யாபாரிங்களுக்கு உள்ள ஆப்ல (போன்பே பிசினஸ், பேடிஎம் பிசினஸ் மாதிரி) பதிவு பண்ணா அட்டை வரும், அத ஒட்ட வர்ற ஆள் கிட்ட உங்க பாஸ்புக்க குடுத்து உங்க அக்கவுண்ட் நம்பரத்தான் போட்டிருக்கான்னு நேர்ல பாருங்க, ஒட்டி முடிச்சதும் வேற போன்ல ஸ்கேன் பண்ணி உங்க பேர் வருதா பாருங்க, ஒரு ரூபா போட்டு பாஸ்புக்குல விழுதான்னும் பாத்துடுங்க. பேமெண்ட் பேங்க் (ஏர்டெல், போஸ்ட் ஆபீஸ் நடத்துற மாதிரி சின்ன வகை பேங்க்) அக்கவுண்டோட சேக்காம சாதாரண பேங்க் அக்கவுண்டோட சேக்குறது நல்லது, பேமெண்ட் பேங்குல 2 லட்சத்துக்கு மேல வைக்க முடியாது, அவங்களால லோனும் தர முடியாது.

அக்கவுண்டுல இருந்து நேரா யுபிஐல வர்ற காசுக்கு கமிஷன் கெடயாது, 2020 ஜனவரில இருந்து அது ஜீரோ. பேசுற டப்பாவுக்கு மட்டும் மாச வாடகை புடிப்பாங்க, எவ்ளோன்னு வாங்கும்போதே கேட்டுக்கோங்க. என்னக் கேட்டா கூட்டத்துல விக்கிறவங்களுக்கு அந்த டப்பா கண்டிப்பா வேணும், ஏன்னா போன்ல டிக் மார்க் காட்டிட்டுப் போறவன் காட்டுறது பொய் ஆப்பா இருக்கலாம், கை ஈரமா மீன் வெட்டிட்டு இருக்கும்போது நீங்க எங்க மெசேஜப் பாக்கப் போறீங்க. டப்பா பேசினாத்தான் துட்டு வந்ததுன்னு வச்சுக்கோங்க. தினம் காலைல அட்டை மேல வேற எவனாச்சும் ஸ்டிக்கர் ஒட்டிருக்கானான்னு விரல்ல தடவிப் பாருங்க.

இப்போ எல்லாரும் கேக்குற கேள்வி, "க்யூஆர் வச்சா டாக்ஸ் வந்துடுமா?" 2025 ஜூலைல பெங்களூருல சின்ன யாபாரிங்களுக்கு யுபிஐ கணக்கப் பாத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துச்சு, அதுல இருந்து இங்கயும் பயம், சில பேர் அட்டையவே கழட்டிட்டாங்க. பொருள் விக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவே வேணாம், சேவை பண்றவங்களுக்கு 20 லட்சம். ஃப்ரெஷ் மீன், காய்கறி, பூ இதுக்கெல்லாம் ஜிஎஸ்டியே கெடயாது. ஒரு நாளைக்கு பத்தாயிரம் யாவாரம்னாலும் வருஷத்துக்கு 36 லட்சத்து சொச்சம்தான் வரும். அட்டையக் கழட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாருங்க.

ஸ்டெப் 4: ஆறு மாசம் அக்கவுண்டப் பேச விடுங்க

சாயங்காலம் ஆனதும் மொத்தத்தையும் எடுத்துடாதீங்க. மறுநாள் ஏலத்துக்கு எவ்ளோ வேணுமோ அத மட்டும் எடுங்க, மிச்சம் கிடக்கட்டும். கையில வந்த நோட்டையும் வாரத்துக்கு ஒரு தடவ கொண்டு போய்ப் போடுங்க. கரெண்ட் பில், கேஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அதுல இருந்தே கட்டுங்க. ஆறு மாசம் கழிச்சு ஸ்டேட்மெண்ட் எடுத்தா இந்தம்மாவுக்கு தினம் வருமானம் வருது, செலவு பண்ணிட்டு மாசக் கடைசில கையில நிக்குதுன்னு அதுவே சொல்லும். லோன் குடுக்குறவங்க இப்போ இதத்தான் பாக்குறாங்க. 2021 செப்டம்பர்ல இருந்து அக்கவுண்ட் அக்ரிகேட்டர்னு ஒரு முறை நடக்குது, நீங்க சம்மதிச்சா உங்க பேங்க் ஸ்டேட்மெண்ட் நேரா லோன் குடுக்குற எடத்துக்குப் போகும், ஜெராக்ஸ் எடுத்து அலைய வேணாம். ஆனா அந்தச் சம்மத ஸ்க்ரீன்ல எந்த அக்கவுண்ட், எத்தன மாசம், எவ்ளோ நாளைக்குப் பாப்பாங்கன்னு எழுதிருக்கும், படிக்காம ஓகே அமுக்காதீங்க, வேணாம்னா பின்னாடி அந்தச் சம்மதத்தத் திருப்பி வாங்கவும் முடியும்.

இதுக்கு ஏன் இவ்ளோ பாடுன்னு கேப்பீங்க, அதுக்கு தண்டல் கணக்கப் பேசியே ஆகணும். நம்ம தெருவுல பத்தாயிரம் தண்டல்னா கையில குடுக்குறது 8,500, ஒரு சின்ன அட்டை, தினம் நூறு ரூபா, நூறு நாள். சாயங்காலம் பைக்குல வருவாரு, அட்டைல தேதி போட்டு ஒரு கிறுக்கு கிறுக்கிட்டுப் போவாரு. "ஆயிரத்து ஐநூறு தானே வட்டி, பதினஞ்சு பைசா"ன்னு நாம நெனைக்கிறோம். அது அப்படியில்ல. மொத நாள்ல இருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சிடுறோம், அம்பதாவது நாள் நம்ம கிட்ட அவரு துட்டு பாதிதான் இருக்கு, ஆனா வட்டி முழுசுக்கும். சரியாப் போட்டுப் பாத்தா தினம் நூத்துக்கு 33 பைசா, வருஷத்துக்கு 120 ரூபா வட்டி. பேங்குல 12, 14ன்னா "வட்டி ஜாஸ்தி"ன்னு பயப்படறோம், இங்க 120 கட்டிட்டு இருக்கோம். நம்ம ஊர்ல 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துச்சு, ஆனா ராத்திரி பத்து மணிக்கு புள்ளைக்கு ஜொரம்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிக்க யார் துட்டு குடுப்பாங்க, தண்டல்காரர்தான் குடுப்பாரு, அந்த உண்மைய நானும் ஒத்துக்கறேன். அதனால ஒரே நாள்ல விடுங்கன்னு நான் சொல்லல. பக்கத்துல இன்னொரு வழியும் கட்டி வைங்கன்னுதான் சொல்றேன்.

மீன் யாவாரத்துல இருக்கவங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏலத்துல மீன் வரத்து கொறஞ்சு போயிடும், அந்த ரெண்டு மாசத்துலதான் ரெண்டு தண்டல் மூணு தண்டலா ஆகுது. அந்த ரெண்டு மாசம் அக்கவுண்டுல வரவு கொறையும், லோன் கேக்கப் போனா அதத் தனியா வாய் விட்டுச் சொல்லுங்க, "இது தடைக்காலம் சார், வருஷா வருஷம் இப்படித்தான்"னு, ஸ்டேட்மெண்டப் பாக்குற ஆள் வேற ஊர்க்காரரா இருந்தா அவருக்கு இது தெரியாது.

ஸ்டெப் 5: சிபில் ஸ்கோர்

சுருக்கமா சொல்லிடறேன். வாங்கின கடன ஒழுங்காக் கட்டுற ஆளான்னு காட்டுற ஒரு நம்பர், 300-ல இருந்து 900 வரைக்கும் இருக்கும். இதுவரைக்கும் லோனே வாங்காதவங்களுக்கு நம்பரே இருக்காது, அது கெட்ட ஸ்கோர் இல்ல, ஸ்கோர் இல்லங்கற ஒரே காரணத்துக்காக மொத தடவ கேக்குறவங்கள திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஆர்பிஐ (எல்லா பேங்குக்கும் மேல இருக்குற ரிசர்வ் பேங்க்) சொல்லிருக்கு. ஜிபேல எத்தன தடவ பே பண்ணாலும் இந்த நம்பர் ஏறாது, கடன் வாங்கி ஒழுங்காக் கட்டினாத்தான் ஏறும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு கம்பெனி, ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் ஃப்ரீயாத் தரணும், அதுக்கு யாருக்கும் 500 ரூபா குடுக்காதீங்க. குழு லோன் வாங்கினவங்க கண்டிப்பா எடுத்துப் பாருங்க, கட்டி முடிச்ச லோன் இன்னும் பாக்கின்னு நிக்கும், நீங்க ஜாமீன் போட்ட ஆள் கட்டாம இருந்தா அதுவும் உங்க பேர்லதான் நிக்கும். தப்பா இருந்தா அந்த வெப்சைட்டுலயே புகார் போடலாம்.

ஸ்டெப் 6: மொத லோன் எதுல ஆரம்பிக்கலாம்

தெருவுல விக்கிறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது பிஎம் ஸ்வநிதி. 2020 ஜூன்ல கொரோனா நேரத்துல 10,000 ரூபால ஆரம்பிச்சது, 2025 ஆகஸ்ட்ல மொத தவணைய 15,000 ஆக்கினாங்க, அத ஒழுங்காக் கட்டினா அடுத்து 25,000, அதுக்கப்புறம் 50,000. சொத்து அடமானம் கெடயாது, ஒழுங்காக் கட்டுறவங்களுக்கு வட்டில 7 சதவீதம் மானியமா அக்கவுண்டுலயே திரும்பி வரும், யுபிஐல துட்டு வாங்கினா கேஷ்பேக்கும் இருக்கு. மாநகராட்சி குடுத்த தெருவோர வியாபாரி அட்டையோ சான்றோ வேணும், இல்லன்னா பரிந்துரைக் கடிதத்துக்கு மண்டல ஆபீஸ்ல கேக்கணும், நம்ம பக்கம் திருவொற்றியூர் 1, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5-ஆவது மண்டலம். ஆதாரோட சேர்ந்த நம்பர் வேணும்னு ஸ்டெப் 1-ல ஏன் அழுத்திச் சொன்னேன்னு இங்க புரியும், அது இல்லாம அப்ளிகேஷனே நகராது. பெட்டிக்கடை, தையல் மாதிரி நிலையா ஒரு எடத்துல யாவாரம் பண்றவங்க முத்ரா கேக்கலாம், 50,000 வரைக்கும் இருக்குறதுக்கு சிஷுன்னு பேரு.

குழு லோன் ஏற்கனவே ஓடுதுன்னா மூணு விஷயம் தெரிஞ்சிக்கோங்க. 2022-ல ஆர்பிஐ போட்ட விதிப்படி ஒரு குடும்பத்தோட எல்லா லோன் தவணையும் சேத்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் பண்ணித் தவணை கேக்கக் கூடாது. முன்னாடியே கட்டி முடிச்சா அபராதம் கெடயாது.

எந்த லோனா இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி முக்கிய விவர அறிக்கைன்னு ஒரு பேப்பர் தரணும், உங்களுக்குப் புரியுற பாஷைல தரணும்னு விதியே இருக்கு, அதனால தமிழ்ல குடுங்கன்னு தைரியமாக் கேளுங்க. அதுல ஏபிஆர்னு ஒரு நம்பர் இருக்கும், வட்டி, ஃபீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து வருஷத்துக்கு உண்மையா எவ்ளோன்னு அதுதான் சொல்லும். வாயால சொல்ற வட்டிய விட்டுடுங்க, அந்த நம்பரப் பாருங்க.

ஸ்டெப் 7: செய்யவே கூடாத ரெண்டு

ஒண்ணு, அஞ்சு நிமிஷத்துல லோன் தர்ற ஆப். எல்லா ஆப்பும் மோசம்னு சொல்லல, சரியான பேங்கோ நிதி நிறுவனமோ பின்னாடி இருக்குற ஆப்பும் இருக்கு. எப்படிப் பிரிக்கிறது? எந்த நிறுவனம் துட்டு குடுக்குதுன்னு பேர் போட்டிருக்கணும், அந்தப் பேரும் ஆப்பும் ஆர்பிஐ வெப்சைட்டுல இருக்குற லிஸ்டுல இருக்கணும், துட்டு அந்த நிறுவனத்து அக்கவுண்டுல இருந்து நேரா உங்க அக்கவுண்டுக்கு வரணும். மொதல்ல ஃபீஸ் கட்டுங்க அப்புறம் லோன்னு சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. உங்க காண்டாக்ட் லிஸ்ட், கேலரி, கால் விவரம் கேட்டா உடனே அழிச்சிடுங்க, அதத் தொடவே கூடாதுன்னு விதி இருக்கு.

எங்க தெருவுல காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணு அப்படி ஒரு ஆப்ல 3,000 கேட்டுச்சு, கையில வந்தது 1,800, ஏழு நாள்ல 3,000 கட்டணும். எட்டாவது நாள் அவ அம்மாவோட வேலை செய்யிற எடத்துல இருக்கவங்களுக்கெல்லாம் அவ போட்டோவ அசிங்கமா மாத்தி அனுப்பிட்டானுங்க. அந்த அம்மா என் கடை பெஞ்சுல உக்காந்து போன நீட்டிக்கிட்டு ஒரு வார்த்த பேசல, ரொம்ப நேரம் அப்படியே இருந்தாங்க. அன்னிக்கே சைபர் க்ரைம் புகார் நம்பர் 1930-க்குப் போன் பண்ணி ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து கம்ப்ளெயிண்ட் போட்டோம். இப்படி யாருக்காச்சும் நடந்தா மொதல்ல வீட்டுல சொல்லுங்க, புள்ளைங்கள திட்டாதீங்க, தப்பு பண்ணது அவனுங்க. பயந்து மேல மேல கட்டாதீங்க, கட்டக் கட்டக் கேப்பானுங்க.

ரெண்டாவது, அக்கவுண்ட வாடகைக்கு விடறது. "உன் ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்"னு வேலையில்லாத பசங்க கிட்ட வந்து கேக்குறாங்க. எங்கயோ ஒருத்தர ஏமாத்தின காச அந்த அக்கவுண்டுல போட்டு எடுப்பாங்க. போலீஸ் தேடிட்டு வர்றது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்களத்தான், அக்கவுண்ட் முடங்கும், கேஸ் வரும், அந்தப் பையன் அப்புறம் சம்பள அக்கவுண்ட் தொறக்கக் கூட அலையணும். கூட்டாளி கேட்டாலும் குடுக்காதீங்க.

ஸ்டெப் 8: துட்டு போயிடுச்சுன்னா

அழுதுட்டு உக்காராதீங்க, நேரம்தான் இதுல எல்லாமே. மொதல்ல 1930. அடுத்து பேங்க் கஸ்டமர் கேர், நம்பர கூகுள்ல தேடாதீங்க, பொய் நம்பர் போட்டு வச்சிருக்கானுங்க, பாஸ்புக் இல்ல ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்கு மட்டும் அடிங்க. பேங்க் வெப்சைட் முகவரி இப்போ டாட் பேங்க் டாட் இன்னு முடியும், அதையும் பாத்துக்கோங்க. புகார் நம்பர எழுதி வாங்குங்க. உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம வெளியாள் எடுத்திருந்தா 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல, முழுசும் பேங்க் தரணும், 2017-ல இருந்து அந்த விதி இருக்கு. ஓடிபியோ பின்னோ நாமளே சொல்லிட்டோம்னா, பேங்குக்குச் சொல்ற வரைக்கும் போனது நம்ம நஷ்டம், சொன்னதுக்கு அப்புறம் போனா அது பேங்க் பொறுப்பு. அதனாலதான் அந்த மொத பத்து நிமிஷம்.

எழுதிக் குடுத்து 30 நாள் ஆகியும் பேங்க் பதில் சொல்லலன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லன்னா ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) கிட்ட போகலாம், ஒரு ரூபா செலவில்ல, வக்கீல் வேணாம், 14448-க்கு அடிச்சா எப்படிப் போடறதுன்னு சொல்லுவாங்க.

அந்த மீன்கார அக்காவுக்கு அந்த வாரமே ஆதார்ல போன் நம்பர மாத்திட்டு புது க்யூஆர் போட்டோம், அவங்களோட அக்கா பையன்தான் கூட வந்து எல்லாம் செஞ்சான், பழைய அட்டைய அவனே கத்தரிச்சுப் போட்டான். இப்போ சாயங்காலம் டப்பா சொல்றது அவங்க அக்கவுண்டுல விழுந்த காசு. மார்ச்சுல ஆறு மாசம் முடியுது, தடைக்காலத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. பாஸ்புக்குல என்ட்ரி போட்டுட்டு அதே பேங்குக்கு ரெண்டு பேரும் போறதாப் பேசி வச்சிருக்கோம்.